மணலுக்கு எந்தக் கியர்?

எங்கள் இரு குடும்பங்களும் கூடிச் செய்த மஷூராக்களிலேயே மிக நீண்டது ஒரு பழைய வண்டியைப் பற்றியதுதான். ராத்தா மகளின் பள்ளிக்கூடம், ஊரில் வீட்டுக்கு மாடி எடுப்பது, உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் செல்வது ஆகிய பேச்சுகள் எல்லாம் ஒரே இரவில் முடிந்திருக்கின்றன. ஆனால் பாலைவன மணலில் ஓட்டுவதற்கென்று வாங்கவிருந்த வண்டி மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்ற கேள்வி மூன்று வாரங்கள் எங்களை உறங்கவிடவில்லை. காக்கா ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம். நடுவில், ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த வாப்பா, தஸ்பீஹை உருட்டிக்கொண்டு எதுவும் பேசாமல் இருந்தார்கள்.

இவ்வளவு கவலை ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று கேட்பவர்கள் இருக்கலாம். துபையில் குளிர்காலம் வந்துவிட்டால் சனிக்கிழமைகளில் நான்கு சுவர்களுக்குள்ளோ, வணிக வளாகங்களுக்குள்ளோ பிள்ளைகளை அடைத்து வைக்க எங்களுக்கு மனம் வருவதில்லை. செலவு வைக்காத திறந்தவெளி இந்நாட்டில் மணல்தான். அத்துடன், எங்கள் ஊர் காயல்பட்டினம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு நடந்த கால்கள் எங்களுடையவை. மணல் என்றால் என்னவென்று ஓரளவு தெரியும் என்றே நினைத்திருந்தோம்.

கையில் இருந்தது 38,000 திர்ஹம். அதனுடன், ஏற்கெனவே வைத்திருந்த வண்டியை விற்றால் வருவது. வட்டிக் கடன் என்ற வாசலை நாங்கள் என்றும் தட்டியதில்லை. அதை இனியும் தட்டப் போவதில்லை, இன்ஷா அல்லாஹ். ஆகவே தவறான வண்டியை வாங்கிவிட்டு அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி எங்களுக்கு இல்லை. வாங்குவது ஒருமுறைதான்.

மணலில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாலையில் வண்டியை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது நெடுந்தூரம் தானாக உருளும். மணலில் அப்படியில்லை. டயர்க் காற்றை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, தடம் அகலமாகப் படிய வைத்தாலும், இழுவிசை நின்ற ஓரிரு நொடிகளில் மணல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். ஓட்டம்தான் அங்கே எல்லாம். குன்றின் அடியில் சேர்த்த ஓட்டம் உச்சி வரை போதுமானதாக இருக்க வேண்டும். உச்சியைத் தாண்டி மறுபுறம் பறந்துவிடும் அளவுக்கு மிகுதியாகவும் இருக்கக்கூடாது. காற்றுக்கு மறைவான பக்கத்தில் மணல் ஏறத்தாழ 34 பாகைச் சரிவில் தங்கி நிற்கும். மேலிருந்து பார்த்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். அதில் நேராகத்தான் இறங்க வேண்டும். பயந்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி குறுக்காக நின்று உருண்டுவிடும்.

இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில்தான் கியர் பற்றிய கேள்வி வருகிறது.

காக்கா ஊரிலேயே அம்பாசடர் ஓட்டக் கற்றவர். இங்கே வந்து மேனுவல் உரிமம் எடுத்து, பல ஆண்டுகள் நிறுவனத்தின் பிக்கப் வண்டியை ஓட்டியவர். அவருடைய வாதம் எளிமையானது. மேனுவல் வண்டியில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருப்பது வெறும் இரும்பு. எந்தக் கியரில் இருக்கிறோம் என்பதை நாம் முடிவு செய்கிறோம், வண்டி அல்ல. சரிவில் இறங்கும்போது முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கைத் தொட வேண்டியதில்லை. பேட்டரி செத்துப்போனால் தள்ளியோ, சரிவில் உருட்டியோ ஸ்டார்ட் செய்யலாம்; ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. கெட்டுப்போனாலும் கிளட்ச் தட்டை மாற்றும் செலவு, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பிரித்துச் செய்யும் செலவின் பக்கத்தில்கூட வராது. இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. இந்நாட்டில் பழைய நிஸான் பெட்ரோலின் மேனுவல் வண்டிகளைத் தேடி வாங்கும் பாலைவனப் பிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மச்சானுடைய மறுப்பு இதுதான். மேனுவலில் கியர் மாற்ற கிளட்சை மிதித்தே ஆக வேண்டும். மிதித்த அந்த அரை நொடியில் சக்கரத்துக்குச் சக்தி கிடையாது. சாலையில் அந்த அரை நொடியை யாரும் உணர்வதில்லை. பாதிக் குன்றில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு வர நினைத்தால், கியர் விழுவதற்குள் மணல் வண்டியை நிறுத்தியிருக்கும். எனவே எந்தக் குன்றுக்கு எந்தக் கியர் என்பதை அடிவாரத்திலேயே சரியாகக் கணித்துவிட வேண்டும். கணிப்பது பழக்கத்தால் வருவது. பழக்கம் வருவதற்குள் கிளட்ச் தட்டு கருகிவிடும். பாதி மிதித்த கிளட்சோடு புதைந்த வண்டியை வெளியே கொண்டுவர முயன்றவர்களுக்கு அந்த வாடை தெரியும்.

ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது டார்க் கன்வெர்ட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அதன் காற்றில் மற்றது சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது அது எஞ்சினின் முறுக்கு விசையை ஏறக்குறைய இரு மடங்காக்கித் தரும். அதையும் வெடுக்கென்று தராமல் மெதுவாகத் தரும். சக்கரம் மணலைத் தோண்டாமல் நகர்வதற்கு வேண்டியது இந்த மென்மைதான். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளர் இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். காருக்காக அன்று, நீராவிக் கப்பலில் டர்பைனையும் சுழலியையும் இணைப்பதற்காக. மரக்கலத்தில் வாணிபம் செய்த பாட்டனார்களின் வழிவந்த வாப்பா, இதைக் கேட்ட இடத்தில் மட்டும் தஸ்பீஹை நிறுத்தி, “கப்பல் சாமானா?” என்று கேட்டார்கள்.

ஆனால் எண்ணெய்க்குள் நடக்கும் அந்தச் சுழற்சிக்கு ஒரு விலை உண்டு. அது சூடு. இந்தச் சூட்டைப் பற்றி எங்களுக்குப் புத்தகத்திலிருந்து யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. எங்கள் பழைய வண்டியே சொல்லித் தந்தது.

அதுவும் ஆட்டோமேட்டிக்தான். சாலைக்கென்று வாங்கியது, நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உண்டு என்ற துணிச்சலில் மணலுக்குள் கொண்டுசென்றோம். முதல் குளிர்காலத்தில் ஒரு பிற்பகல், அஸருக்குச் சற்று முன், மிருதுவான மணலில் புதைந்துவிட்டது. முன்னும் பின்னுமாக, டி-யிலிருந்து ஆருக்கும் ஆரிலிருந்து டி-க்குமாகக் கியரை மாற்றி மாற்றி ஆட்டி எடுத்தோம். வெளியே வந்தபோது அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தோமே தவிர, முகப்பில் எரிந்த சிறிய விளக்கை யாரும் பார்க்கவில்லை. கியர் எண்ணெய் 80-லிருந்து 95 செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். 120-ஐத் தாண்டினால் அது விரைவில் கெட்டுப் போகத் தொடங்கும். உள்ளே ரப்பர் சீல்கள் இறுகும். நாங்கள் அதை அப்படி இரண்டு குளிர்காலம் வாட்டியிருக்கிறோம். தவறு வண்டியுடையது அன்று, எங்களுடையது. மூன்றாம் ஆண்டில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு தயக்கம் வந்தது. பின்பு ஓர் உதை வந்தது. அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தபோது சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பேறிக் கருகிய வாடை அடித்தது.

“இதற்குப் பிறகும் ஆட்டோமேட்டிக்கா?” என்று காக்கா கேட்டதில் நியாயம் இருந்தது.

இந்த வண்டியைத்தான் விற்க வேண்டியிருந்தது. வாங்க வந்த முதல் இளைஞர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்து, விலைக்கு இசைந்துவிட்டார். எண்ணெயை மாற்றிய புதிதில் அந்த உதை ஓரிரு வாரங்கள் வெளியே தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும். எண்ணெயை மாற்றிச் சில நாட்களே ஆகியிருந்தன. நாங்களாக மறைக்க நினைத்து மாற்றவில்லை. மெக்கானிக் சொன்னார், மாற்றினோம். ஆனாலும் அவர் ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்த அந்தப் பத்து நிமிடம் எங்கள் எல்லோர் நெஞ்சிலும் ஒரே கணக்குதான் ஓடிற்று என்பதை மறைப்பானேன். அவர் கேட்கவில்லை, நாம் சொல்ல வேண்டுமா? அந்தப் பணம் கைக்கு வந்தால், பார்த்து வைத்திருந்த நல்ல வண்டிகளில் ஒன்று கைக்கு வரும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட நிகழ்ச்சி நாம் எல்லோரும் மதரஸாவில் படித்ததுதான். மச்சி அதைச் சொல்லவில்லை. “ஈரம் உள்ளேதானே இருக்குது” என்று மட்டும் சமையலறையிலிருந்து சொன்னார்கள். காக்கா கீழே போய், இந்த வண்டி மணலில் சூடேறியது, கியர் பாக்ஸ் களைத்திருக்கிறது, எண்ணெய் புதிது என்று மூன்றையும் சொல்லிவிட்டார். இளைஞர் நன்றி சொல்லிவிட்டுப் போனார், திரும்ப வரவில்லை. பத்து நாள் கழித்து, கியர் பாக்ஸ் வேலை தெரிந்த ஒருவர் 4,000 திர்ஹம் குறைத்து வாங்கிக்கொண்டார். நாங்கள் பார்த்து வைத்திருந்த வண்டிகளின் பட்டியலில் மேலே இருந்த இரண்டும் அன்றோடு கைநழுவின.

மீதமிருந்தவற்றில் ஒன்று மேனுவல். விலை எங்கள் கைக்குள் இருந்தது. காக்காவுடன் வேலை செய்யும் ஒருவருடையது. ஒரு சனிக்கிழமை மணலில் ஓட்டிப் பார்த்துவிட்டே சொல்லுங்கள் என்று பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுத்தார். ஜனவரி மாதம். சுவைஹான் பக்கத்து மணற்குன்றுகளுக்கு இரண்டு வண்டிகளாகப் போனோம். தனி வண்டியாக மணலுக்குள் போவது தற்கொலைக்குச் சமம் என்பதை இங்கே யாரும் முதலில் கற்றுக்கொள்வார்கள். மற்ற வண்டி எங்கள் நண்பர் ஒருவருடையது. ஐந்து பேர் அமரும் ஆட்டோமேட்டிக். அவருடன் அவருடைய இரு மகன்கள். எங்கள் தரப்பில் காக்கா, மச்சி, ராத்தா, மச்சான், வாப்பா, இரண்டு பிள்ளைகள். பயணம் புறப்படும் மூவர் தம்மில் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்ற சுன்னத்தின்படி காக்காவையே அமீராக்கினோம்.

காலையிலிருந்து காக்கா அழகாக ஓட்டினார் என்று சொல்லத்தான் வேண்டும். இரவுப் பனியின் ஈரம் காயாத வரை மணல் சற்று இறுகி நிற்கும். அந்நேரத்தில் இரண்டாம் கியர் ஒன்றிலேயே எல்லாக் குன்றுகளையும் தாண்டினார். மேனுவல் இவ்வளவு இன்பமா என்று மச்சானே இறங்கி வந்தார். ளுஹருக்குப் பிறகு வெயிலில் மணல் தளர்ந்தது. அஸர் தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில், இரண்டாம் கியர் போதாதென்று தோன்றிய ஒரு குன்றுக்கு மூன்றாம் கியரில் கூடுதல் வேகத்தோடு ஏறினார். உச்சிக்கு முன் வேகத்தைத் தணிக்க வேண்டும். தணித்தால், கியர் மாற்ற வேண்டி வரும், மாற்றினால், நின்றுவிடும். அந்தக் கணக்கில் அவர் காலை எடுக்கவில்லை. வண்டி விளிம்பைத் தாண்டி, ஒரு கணம் காற்றில் நின்று, மூக்கு குத்தி விழுந்தது.

எல்லோரும் பெல்ட் போட்டிருந்தார்கள். முன் பம்பர் கிழிந்தது. பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த காக்காவின் இடது தோள் மட்டும் மூட்டிலிருந்து விலகிவிட்டது. அவர் கத்தவில்லை, முகம் சாம்பலாகிவிட்டது. அவசர எண்ணை அழைப்போம் என்றோம். உயிருக்கு ஒன்றுமில்லை, நண்பர் வண்டியில் போய்விடலாம் என்று அவரே தடுத்தார். அது சரியா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை உடன்பாடில்லை. ராத்தா இன்றும் தவறு என்றே சொல்கிறார்.

நண்பர் தம் பின் இருக்கையில் காக்காவைச் சாய்த்து அல் ஐனுக்குக் கொண்டுபோனார். இடம் வேண்டுமென்று தம் மகன்கள் இருவரையும் எங்களிடம் விட்டுச் சென்றார். தார்ச்சாலை அங்கிருந்து 6 கிலோமீட்டர். எங்கள் பக்கத்தில் ஓடக்கூடிய நிலையில் ஒரு வண்டி நிற்கிறது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. டீசல் பாதிக்கு மேல் இருக்கிறது. அதைச் சுற்றி நாங்கள் எட்டுப் பேர். அதில் மூவர் இந்நாட்டு உரிமம் பெற்ற ஓட்டுநர்கள். மூவருடையதும் ஆட்டோமேட்டிக் உரிமம்.

இந்நாட்டில் வாகன உரிமத் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் எழுதித் தேறியவர் மேனுவல் வண்டியை ஓட்ட அனுமதியில்லை. அனுமதி ஒருபுறம் இருக்கட்டும். மச்சானோ மச்சியோ ராத்தாவோ வாழ்நாளில் கிளட்சை மிதித்ததே இல்லை. வாப்பா ஒருகாலத்தில் ஊரில் எல்லா வண்டியும் ஓட்டியவர்கள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்து, கியர்க் கம்பியைத் தொட்டுப் பார்த்து, முன்னால் இருந்த குன்றை நெடுநேரம் பார்த்தார்கள். பின்பு இறங்கிவிட்டார்கள். “எனக்கு ரோடுதான் தெரியும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தெரியாததைச் செய்ய மாட்டேன்” என்றார்கள். அன்று அந்த இடத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளில் அதுவே மிகச் சரியானது என்பது எங்கள் கருத்து.

சூரியன் மறைந்தது. மறைந்த இடத்துக்குச் சற்று வலப்புறமாகக் கிப்லாவைக் கணித்து, விரிப்பை விரித்தோம். வண்டியில் 20 லிட்டர் தண்ணீர் இருந்தது. பிள்ளைகள் சுற்றிலும் இவ்வளவு மண் இருக்கிறதே, தயம்மும் செய்யலாமே என்று ஆசைப்பட்டார்கள். தண்ணீர் இருக்கும்போது ஏது தயம்மும் என்று ராத்தா அதட்டினார். தண்ணீர் இல்லாவிட்டாலும் நமது ஷாஃபி மத்ஹபில் புழுதி ஒட்டும் மண்தான் வேண்டும், இப்படிச் சலித்த சீனிபோன்ற மணல் போதாது என்று வாப்பா அந்த இருட்டிலும் ஒரு பாடம் நடத்தினார்கள்.

வாப்பாதான் தொழவைத்தார்கள். வழக்கமாக மக்ரிபில் நீண்ட சூராக்களை நிதானமாக ஓதுகிறவர்கள், அன்று குர்ஆனின் மிகச் சிறிய சூராக்களை ஓதி முடித்துவிட்டார்கள். குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. நண்பரின் சிறிய மகன் நடுங்கிக்கொண்டிருந்தான். தொழுகை முடிந்ததும் காக்கா மகன், ஏன் இன்று இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டான். வாப்பா முஆத் (ரலி) அவர்களின் கதையைச் சொன்னார்கள். இஷாவில் அல்பகராவை ஓதத் தொடங்கியதும், பகலெல்லாம் ஒட்டகத்தோடு உழைத்துக் களைத்து வந்த ஒருவர் தாங்க முடியாமல் விலகிப் போனதும், செய்தி நபி (ஸல்) அவர்களிடம் போனபோது அவர்கள் கண்டித்தது முஆதைத்தான், அந்த மனிதரை அன்று என்பதும். பிறகு, எங்களைப் பாராமல், நின்றுகொண்டிருந்த வண்டியைப் பார்த்துச் சொன்னார்கள். “முன்னால் நிற்பவனுக்கு எவ்வளவு ஓதத் தெரியும் என்று பார்த்து நீட்டக்கூடாது. பின்னால் நிற்பவனில் யார் பலவீனமோ, அவனைப் பார்க்க வேண்டும். உங்கள் கியரும் அப்படித்தான்.”

மூன்று வாரத்தில் அந்தப் பொருள் பற்றி அவர்கள் பேசியது அதுதான் முதல் முறை.

இஷாவையும் அங்கேயே தொழுதோம். போர்வை மூன்றுதான் இருந்தது, பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். எஞ்சினை அவ்வப்போது ஓடவிட்டு உள்ளே வெப்பம் வைத்துக்கொள்ள மட்டும் அந்த வண்டி அன்று பயன்பட்டது. ஒன்பதரை மணிக்கு நண்பர், மேனுவல் ஓட்டத் தெரிந்த ஒருவரோடு திரும்பி வந்தார். காக்காவின் தோளை மருத்துவர்கள் சரியான இடத்தில் பொருத்திக் கட்டிவிட்டதாகச் செய்தி சொன்னார். பம்பரை எங்கள் செலவில் மாற்றி, வண்டியைக் கழுவி, உரியவரிடம் அமானிதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொள்கிறீர்களா என்று அவர் கேட்டபோது காக்கா கட்டிய கையோடு சிரித்தார்.

கேள்வி இப்படித் தீர்ந்த பிறகு, எந்த ஆட்டோமேட்டிக் என்பதில்தான் கவனம் வேண்டியிருந்தது. இதை வாங்க நினைக்கும் சகோதரர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. சி.வி.டி. என்ற வகையில் பற்சக்கரங்களுக்குப் பதில் உருளிகளும் எஃகுப் பட்டையும் இருக்கும். நகரத்துக்கு மிக நல்லது, மணலின் இடைவிடாத இழுவையில் சீக்கிரம் சூடேறித் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். இரட்டைக் கிளட்ச் வகை பெயரளவில் ஆட்டோமேட்டிக். உள்ளே இருப்பது கிளட்ச்தான். ஊர்ந்து செல்லும்போது அது கருகும். நாங்கள் தேடியது டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய முறை கியர் பாக்ஸ், கீழே தனியாக லோ-ரேஞ்ச் உள்ள வண்டி, கியரை நம் விருப்பப்படி பிடித்து வைக்கும் வசதி. கடைசியாகச் சொன்னதை எளிதாக நினைக்க வேண்டாம். டி-யில் விட்டால் குன்றின் நடுவில் வண்டி தானாக மேல்கியருக்குப் போய் மூச்சுத் திணறும். இறக்கத்தில் எஞ்சினின் பிடிப்பும் கிடைக்காது. இரண்டில் பிடித்து வைத்தால் காக்கா புகழ்ந்த மேனுவலின் நன்மையில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

இறுதியில் கிடைத்தது 2006-ஆம் ஆண்டு நிஸான் பெட்ரோல். 1997-இல் வெளிவந்த ஒய்61 வகை, 4.8 லிட்டர் எஞ்சின். இருக்கைத் துணி கிழிந்திருந்தது, வண்ணம் வெளிறியிருந்தது. 4,000 திர்ஹம் கூடுதலாக இருந்திருந்தால் இதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அளவுக் கம்பியில் எண்ணெய் சிவப்பாக, தெளிவாக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தோம். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். பழுப்பும் கருகல் வாடையும் சூட்டின் அடையாளம். ரோஸ்மில்க் போல இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் ஒழுகித் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியின் விலையைக்கூடக் கேட்க வேண்டாம். பிறகு சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடான பின்பு ஒவ்வொரு கியரும் உதையின்றி விழுகிறதா என்று பார்த்தோம். குளிர்ந்த நிலையில் எல்லாக் கியர் பாக்ஸும் நல்லவைதான்.

சார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கியர் எண்ணெய்க்கென்று தனிக் குளிர்விப்பான் ஒன்றை முன்பக்கம் பொருத்தி, எண்ணெயின் வெப்பத்தை எண்ணாகவே காட்டும் ஒரு மானியும் வைத்தோம். விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும். எண் முன்கூட்டியே சொல்லும். 110-ஐத் தொட்டால் யார் ஓட்டினாலும் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காற்று வரும் திசையில் முகத்தை வைத்து நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைக்காமல் சற்று உயர்த்தி ஓடவிட வேண்டும். அணைத்தால் எண்ணெய் சுற்றுவது நின்று, சூடு உள்ளேயே அடைபட்டுவிடும். புதைந்துவிட்டால் முன்னும் பின்னும் ஆட்டுவது கிடையாது. இறங்கி மணலைத் தோண்ட வேண்டும், காற்றை இன்னும் இரண்டு பி.எஸ்.ஐ. குறைக்க வேண்டும். மண்வெட்டி மலிவானது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பதை மிம்பர்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஒட்டகத்தை யார் யார் அவிழ்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதற்கு முன்பு நாங்கள் யோசித்ததில்லை. இப்போது மச்சியும் ராத்தாவும் முறைவைத்து ஓட்டப் பழகுகிறார்கள். முதலில் தட்டையான மணலில் வட்டமடித்தார்கள். பிறகு ஆள் உயரக் குன்று. ராத்தாவுக்கு உச்சியில் காலை எடுக்கும் நேரம் எங்கள் எல்லோரையும்விடத் துல்லியமாக வாய்த்திருக்கிறது. விளிம்பில் வண்டியை ஒரு நொடி தொட்டிலில் கிடத்துவது போல் வைத்து, பிறகு இறக்குகிறார்.

சென்ற மாதம் மீண்டும் சுவைஹான் போனோம். வாப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். புறப்படும்போது பயண துஆ ஓதும் வேலை காக்கா மகனிடம் வந்தது. அதே குன்றா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, காற்று எல்லாவற்றையும் நகர்த்தியிருந்தது. ராத்தா ஓட்டினார். முன் இருக்கையில் காக்கா. மானி 96-இல் நின்றது. ஏற்றம் தொடங்கியதும் காக்கா ஒரு சொல்லும் பேசவில்லை. உச்சியை நெருங்கும்போது மட்டும், அவருடைய இடது கால் மிதியடி இல்லாத இடத்தில் தரையை அழுத்தி மிதித்தது. பின் இருக்கையிலிருந்து நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம்.